நீலக் கதவு என்று எழுதியது நான்தான்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர். பத்திரிகைக் காரியாலயத்தில் கெஞ்சி என் நம்பர் வாங்கினாராம்.

"தங்கச்சி, உங்கட பத்தியை நான் ஒரு கிழமையும் விடமாட்டன். இந்தமுறை வாசிச்சுப்போட்டு மனுசி அழுதிட்டா."

எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு நின்று நெளிந்தேன்.

"அதோட இன்னொண்டும் சொல்லத்தான் எடுத்தனான். அந்த நீலக் கதவு வீடு என்ர வீடு. மாதம் முடியிறதுக்குள்ள அந்தத் தாயையும் பிள்ளையையும் அறையை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டன். கோவிக்காதேங்கோ."

கோபிக்க எனக்கு வாய் எங்கே இருந்தது?

அந்தப் பத்தியைத் தவறவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் நாலு பெண்கள். சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குவது, சிங்களத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பது, சனிக்கிழமைகளில் சிறை வாசல் வரை துணைக்குப் போவது... பெரிய சேவை ஒன்றுமில்லை. எங்களுக்குப் பெயர்ப் பலகையும் இல்லை.

அந்தக் குடும்பங்களில் ஒன்று வதனியுடையது. உண்மைப் பெயர் அதுவல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஏழு வயது மகள் துசியோடு கொழும்புக்கு வந்தவள். கணவர் ரேடியோ திருத்துகிறவர். கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தபோது சுற்றிவளைப்பில் அகப்பட்டார். பையில் வயர் இருந்தது, சொல்டரிங் அயன் இருந்தது. ரேடியோ திருத்துகிறவர் பையில் வேறென்ன, வெற்றிலையா இருக்கும்? இரண்டு வருடமாகியும் வழக்கு இல்லை. தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

வதனி சனிக்கிழமை விடிய எழும்பிப் புட்டவித்து, மீன் குழம்பு வைத்து, துசியையும் கூட்டிக்கொண்டு பொரளைக்குப் பஸ் ஏறுவாள். சிறை வாசலில் காவலர், பார்சலை அவிழ்த்து முதலில் அவளையே சாப்பிட்டுக் காட்டச் சொல்வார். நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து வெறும் வயிற்றோடு படுத்தவள், மறுநாள் ஒரு காவலரின் முன்னால் நின்றபடி முதல் கவளம் சாப்பிடுகிறாள். இதைத்தான் போன மாதம் எழுதினேன்.

பெயர் போடவில்லை. நான் விவரமானவளாம்! ஆனால் 'கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், நீலக் கதவு போட்ட வீட்டின் மேல் அறையில்' என்று எழுதினேன். ஏன் எழுதினேன்? வசனம் அழகாக இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. அச்சில் பார்த்தபோது நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

வீட்டுக்கார ஐயாவுக்கு அதுவரை விஷயம் தெரியாது. வதனியின் கணவர் கனடாவில் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். கொழும்பில் அறை தேடும் தமிழ்ப் பெண்ணுக்குக் கனடாக் கணவர் மிகவும் நல்லது. வாடகை ஒழுங்காக வரும், பொலிஸ் வராது. அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்ததும் எங்கள் நாலு பேரில் ஒருத்திதான். யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?

அறை போனால் என்ன, வேறு அறை பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். கொழும்பில் இருப்பதற்கு ஒரு வீட்டுக்காரர் வேண்டும். இன்னார் என் வீட்டில் இருக்கிறார் என்று அவர் பொலிஸில் பதிய வேண்டும். பதிவு இல்லாவிட்டால் அடுத்த சோதனையில் வதனியும் உள்ளே. அல்லது ஊருக்குப் போக வேண்டும். போனால் திரும்பி வர ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், தரைப்பாதை பூட்டு என்பதால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். மாதக் கணக்காகும். அத்தனை சனிக்கிழமையும் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்.

"பாக்க ஆள் வராத ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமாக் கதைக்கிறதை விட்டிடுவினம் அக்கா," என்று வதனி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "பக்கத்தில இருந்த ஒருத்தர் அப்பிடித்தான் போனவராம். இவர் அப்பிடி ஆகிடக்கூடாது."

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். வதனி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சரி அக்கா. இப்ப அறை பாப்பம்," என்றாள்.

பார்க்கத் தொடங்கினோம்.

முதல் வீடு வெள்ளவத்தையில். கடற்கரைப் பக்கம். அந்த அம்மா நாங்கள் உதவும் பிள்ளைகளுக்குத் தைப்பொங்கலுக்குக் கொப்பிக் கட்டு அனுப்பியவர். அந்தத் துணிவில் உண்மையைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துசியை மடியில் இருத்தித் தலையைத் தடவினார்.

"நெஞ்சு வெடிக்குது பிள்ளை. ஆனா இவருக்குப் பிறஷர். பொலிஸ் வந்து கதவைத் தட்டினா மனிசன் தாங்காது."

அறை தரவில்லை. ஒரு பை நிறையப் பழைய சட்டை தந்தார். துசிக்கு அளவாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வீட்டுக்குப் போகும்போது நான் மறுபடி கனடாவுக்கு மாறினேன். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. பஸ்ஸிலேயே துசிக்குப் பாடம் நடத்தினேன். "அப்பா எங்க எண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

"கனடாவில அன்ரி."

கெட்டிக்காரி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். அறையும் நல்ல அறை. எல்லாம் முடிந்து தேத்தண்ணியும் வந்துவிட்டது. அவருடைய மகனும் கனடாவில்தானாம். சும்மா ஆசைக்குக் கேட்டார்.

"கனடாவில எவடம் பிள்ளை அப்பா?"

துசி யோசிக்கவே இல்லை. "ஈ வார்ட்." சிறையில் அவளுடைய அப்பாவை வைத்திருக்கும் பகுதி அது.

தேத்தண்ணி கோப்பையில் இருந்தபடியே ஆறியது.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றோம். துசி என் முகத்தையும் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் என்ன பிழை விட்டேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. அழத் தொடங்கினாள். கேட்டதற்குச் சரியான பதில் சொன்ன பிள்ளை அழுகிறது, அதற்குப் பொய் சொல்லப் பழக்கிய நான் பக்கத்தில் பை தூக்கிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

வதனி மகளின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள். அவளிடம் நான் கேட்ட முதல் உரத்த குரல் அதுதான்.

"இனிக் கனடா வேண்டாம் அக்கா. அவர் களவெடுக்கேல்லை, ஆரையும் கொல்லேல்லை. ஜெயிலில இருக்கிறார். கேட்டா அதைத்தான் சொல்லுவன். தாறவை தரட்டும்."

"தராட்டி?"

"அடுத்த வீட்டைக் கேப்பம்."

கேட்டோம். மட்டக்குளி வரை போனோம். இரண்டு இடத்தில் முகத்துக்கு நேரே கதவு சாத்தினார்கள். ஓரிடத்தில், அறை நேற்றுத்தான் போனது என்றார்கள். 'வாடகைக்கு' என்ற மட்டை ஜன்னலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக, கொட்டாஞ்சேனைச் சந்தியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவரிடம் போனோம். கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு விடுகிறவர். வதனியே பேசினாள். புருசன் ஜெயிலில், வழக்கில்லை, இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்க வேண்டும். நாலே வசனம். கனடாவைவிடச் சுருக்கமாக இருந்தது.

ஹாஜியார் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். துசிக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"மகள், நான் பொய் சொல்ல ஏலா. மேல ரூம் ஈக்கி. ஆனா போன வருசம் அதுல இருந்த ஒரு தமிழ்ப் புள்ளய ராவோட ராவா கொண்டு போனாங்க. என்னையும் மூணு நாள் வெச்சிருந்தாங்க. இன்னொரு தரம் எனக்குத் தாங்க ஏலா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கிழமை அலைந்த களைப்பு, சொந்தக் குற்றம், எல்லாம் சேர்ந்து அவர் தலையில் விடிந்தது. எல்லாரும் பயம் பயம் என்றால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவது, மனிதர்கள் எதற்கு, மனச்சாட்சி எதற்கு... பத்தியில் எழுதுவதை எல்லாம் வாயால் சொன்னேன். கடையில் ஆணி வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

அவர் நான் முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க எங்க ஈக்கிறீங்க?"

"வெள்ளவத்தையில."

"சொந்த ஊடா?"

"ஓம், சொந்த வீடுதான்."

"அதுல ரூம் ஒண்டும் மிச்சம் இல்லயா?"

"இல்லை," என்றேன். உடனே சொன்னேன். துசியைப்போல, யோசிக்காமல். ஆனால் அவள் சொன்னது உண்மை.

வதனி என்னைப் பார்க்கவில்லை. கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தவள். குசினிக்கு அடுத்தாற்போல் ஒரு பின் அறை இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த அறையில் என்ன இருந்தது தெரியுமா? ஓடாத ஃபான் ஒன்று. மாமியாரின் தையல் மெஷின். மிச்சமெல்லாம் பேப்பர் கட்டு. இந்தப் பத்தி தொடங்கிய நாளிலிருந்து வந்த ஒவ்வொரு பேப்பரையும் கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருந்தேன். நீலக் கதவு வந்த பேப்பரில் மட்டும் ஆறு பிரதி.

காரணம் அறை நிறைந்திருந்தது அல்ல. எங்களுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவன் ரியூஷன் முடிந்து வரப் பத்து நிமிடம் பிந்தினாலே நான் கேற்றடியில் நிற்பேன். பொலிஸ் கண்ணில் எங்கள் வீடு படக்கூடாது. மற்ற வீட்டுக்காரர்களிடம் எந்தப் பயத்தைக் கண்டு பொங்கினேனோ, அதே பயம்தான். நான் மட்டும் அதற்குப் 'பழைய பேப்பர்' என்று பெயர் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'இல்லை' என்று சொன்னதையும் சேர்த்துத்தான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வங்கியில் வேலை செய்கிறவர், எதையும் இரண்டு தரம் பார்ப்பவர்.

"மகனை யோசிச்சீரோ?"

"யோசிச்சனான். யோசிச்சபடியால்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை."

"வந்து விசாரிச்சா?"

"உள்ளதைச் சொல்லுவம்."

தேத்தண்ணி குடித்தார். பேப்பரைப் பிரித்தார், மடித்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தக் கட்டெல்லாத்தையும் என்ன செய்யிறதா உத்தேசம்?"

இருபத்திரண்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். அவர் சம்மதிக்கும் விதம் அதுதான்.

அடுத்த நாள் போத்தல் பேப்பர்காரர் வந்தார். என் பத்திகளைத் தராசில் நிறுத்துக் கொண்டு போனார். இந்நேரம் காலிமுகத்திடலில் என் மனச்சாட்சியில் சுற்றி யாரோ கடலை தின்றுகொண்டிருப்பார்கள். அறையைக் கழுவினோம். மகன் ஃபானைக் கழற்றித் திருத்திப் பார்த்தான், சரிவரவில்லை. அதை அப்பா வந்து செய்யட்டும் என்று துசி சொல்லிவிட்டாள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வதனி இரண்டு பைகளோடும் ஒரு புட்டுப் பானையோடும் வந்து சேர்ந்தாள்.

பொலிஸில் பதியப் போனோம். இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருத்தினார்கள். படிவத்தைப் பார்த்த பொலிஸ்காரர், இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். சொந்தம் என்று எழுதியிருக்கலாம். "யாலுவா," என்றேன். சிநேகிதி.

"மஹத்தயா கோ?" என்று வதனியிடம் கேட்டார். கணவர் எங்கே?

"ஹிரே," என்றாள். சிறையில். தலையைக் குனியவில்லை.

பேனை கொஞ்ச நேரம் படிவத்துக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதியது. மறுநாள் நாலு பேர் வந்து வீட்டைச் சோதித்தார்கள். அரிசி வாளிக்குள்ளும் கை விட்டுப் பார்த்தார்கள். மகனின் அடையாள அட்டையை நீண்ட நேரம் புரட்டினார்கள். நான் மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இனியும் வருவார்கள், அதுவும் தெரியும். வரட்டும். வாசல் வரை போய்க் கூட்டி வருவேன்.

போன சனிக்கிழமை நானும் சிறைக்குப் போனேன். வாசலில் பார்சலை அவிழ்த்ததும் நான் கையை நீட்டினேன். யார் தின்றாலும் சரிதானே? காவலர் தலையாட்டினார். வதனியின் மீன் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். அன்றைக்கு அவள் பசியோடு, ஆனால் யார் முன்னாலும் கவளம் விழுங்காமல், உள்ளே போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் துசியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் பத்தியை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வதனியிடம் வாசிக்கக் கொடுத்தேன். இந்த ஒரு வேலையைப் போன மாதமே செய்திருக்க வேண்டும். முழுவதையும் வாசித்தாள். இரண்டு வரியை வெட்டினாள். அவை நல்ல வரிகள்... போகட்டும்.

"கதவு நிறம் மட்டும் இனி எழுதாதேங்கோ அக்கா," என்றாள்.

"இது என்ர கதவல்லோ?" என்றேன்.

சிரித்துவிட்டாள்.

ஆகவே, ஒரு கிழமையும் விடாமல் வாசிக்கும் கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு: இந்தமுறை கதவு பச்சை. வெள்ளவத்தையில். வீட்டுக்காரி நான்.