கமர் ஜஹானின் பரிசோதனைக் கொட்டகை

மன்னார்புரத்தில் பெரியண்ணன் நடத்திய பம்ப் ஸ்டவ் பட்டறையில் பரிசோதனைக் கொட்டகை என்றாலே கமர் ஜஹான்தான். பாகங்களைச் சேர்த்து ஸ்டவ்வைப் பூட்டுகிற ஆண்கள் ஒரு பக்கம். பூட்டியதைப் பற்றவைத்துப் பார்த்துச் சரி சொல்கிற பெண்கள் தகரக் கூரைக்குக் கீழே இன்னொரு பக்கம். அந்தப் பெண்களுக்கு அவள் தலைவி. பொட்டலம் கட்ட வந்தவளை அங்கே உட்காரவைத்தது திறமையா வாயா என்று பட்டறையில் இரண்டு கட்சி உண்டு. அவளைக் கேட்டால் இரண்டும்தான் என்பாள்.

தன் பெண்களை அவள் திட்டுவாள். வேறு யாரையும் திட்ட விடமாட்டாள். பூட்டுகிறவர்களின் மேஸ்திரி சுடலைமுத்து ஒருமுறை கொட்டகைக்குள் வந்து குரலை உயர்த்தப் போக, அதன்பின் அவர் வாசலில் நின்றே பேசுவது வழக்கமாகிவிட்டது.

1961-ல் ஸ்ரீரங்கத்துக் கல்யாண சமையல்காரர் ரங்கசாமி ஒரு வண்டி ஸ்டவ் வாங்கினார். பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லை என்று திருப்பி அனுப்பினார். மாற்றிக் கொடுத்தார்கள், அவையும் திரும்பி வந்தன. விறகை ஊதிப் பழகியவர்களுக்குப் பம்ப் அடிக்க எங்கே வரும் என்று கமர் ஜஹான் வழக்கைத் தள்ளுபடி செய்தாள். மூன்றாம் முறை வந்தபோது பெரியண்ணனே கொட்டகைக்கு வந்துவிட்டார்.

“இங்க எல்லாம் எரியுது, அங்க ஒண்ணும் எரியலை. அப்புறம் இந்தக் கொட்டகை எதுக்கு கமரு? அடுத்த சரக்கும் திரும்பி வந்தா மூடிருவேன். எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே கமர் ஜஹான் தன் ஆட்களில் கெட்டிக்காரியான செல்லக்கிளியைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள். சமையல்காரருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாகத்தான் எண்ணம்.

ரங்கசாமி மூச்சு வாங்க அடித்தும் ஏறாத பம்பைச் செல்லக்கிளி கழற்றி மாட்டினாள். அடித்தாள். நீலமாய் எரிந்தது. கமர் ஜஹான் புருவத்தை உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

அவர் அசரவில்லை. “இவ ஏத்தினா எரியறதும்மா. நான் ஏத்தினா மாட்டேங்கறது. பேசாம அடுப்போட இவளையும் சேர்த்துக் கொடுத்துடுங்கோ.”

கமர் ஜஹானுக்குச் சுருக்கென்றது. இன்னொரு ஸ்டவ்வைப் பற்றவைக்கச் சொன்னாள். இந்த முறை நெருப்பைப் பார்க்கவில்லை, செல்லக்கிளியின் கையைப் பார்த்தாள். அந்தக் கை பம்ப் தண்டை உருவியது. விரல் எண்ணெய் வைத்த தலையில் ஒரு இழுப்பு இழுத்து, தண்டின் நுனியிலிருந்த தோல் வாஷரை ஒரு சுற்றுத் தடவியது. பிறகு தண்டு உள்ளே போனது.

“அது என்னடி?”

“எது, அக்கா?”

தான் செய்ததே அவளுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான். முக்காட்டுக்குள் போய்வரும் தன் விரலும் அப்படித்தான் என்பது கமர் ஜஹானுக்குப் பஸ்ஸில்தான் உறைத்தது. வாஷரை எண்ணெயில் ஊறவைக்காமல் அந்தப் பக்கம் ஆண்கள் பூட்டுகிறார்கள். இந்தப் பக்கம் பெண்கள் தேங்காய் எண்ணெய் தடவிப் பிழைக்க வைக்கிறார்கள். நாலு நாளில் தோல் காய்ந்து சுருங்கி, காற்று பிடிக்காமல் போய்விடுகிறது.

காவிரிப் பாலம் தாண்டும்வரை அவளுக்கு ஒரு சபலம் இருந்தது. இன்னும் தாராளமாகத் தடவச் சொன்னால் போதும். யாருக்கும் தெரியாது, கொட்டகையும் பிழைக்கும். ஆனால் எத்தனை தலை எண்ணெய் வேண்டும் என்று யோசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பெண்கள் சீயக்காய் போட்டுக் கை கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் காற்று ஏறாத ஸ்டவ்கள் கொட்டகையை நிறைத்து முற்றத்துக்கு இறங்கின. சுடலைமுத்து வாசல் வழக்கத்தை மறந்து உள்ளே வந்து, வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று கத்தினார். சத்தம் கேட்டுப் பெரியண்ணன் வந்தார்.

“நேத்து வரைக்கும் எல்லாம் சரின்னீங்க. இன்னைக்கு எதுவும் சரியில்லைங்கறீங்க. எதை நம்பறது?”

“இன்னைக்குச் சொல்றதை நம்புங்க மொதலாளி. இத்தனை நாளும் நாங்க ஸ்டவ்வைச் சோதிக்கலை, காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கோம். என் விரலும் சேர்த்திதான்.”

நடந்ததைச் சொன்னாள். சுடலைமுத்து நம்பவில்லை. முதலாளியே அடித்துப் பார்க்கட்டும் என்றாள். பெரியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தலையில் எண்ணெய் தடவ முடி கிடையாது என்பதால் சோதனையில் கலப்படத்துக்கு வழியே இல்லை. வியர்க்க வியர்க்க அடித்தும் ஒன்றிலும் காற்று ஏறவில்லை.

பெரியண்ணன் எழுந்து, தோலை ஊறப்போடச் சுடலைமுத்துவிடம் சொன்னார். கொட்டகையை மூடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. ரங்கசாமிக்குப் போன அடுத்த சரக்கு திரும்பி வரவும் இல்லை.

கமர் ஜஹானுக்குத்தான் வினை வந்தது. பரிசோதனையின் ருசி கண்டுவிட்ட முதலாளி, ஒவ்வொரு சரக்குக்கும் ‘ஒண்ணும் தெரியாத ஆள் ஒருத்தர் வேணுமில்ல’ என்று சொல்லிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடுவார். திரியில்லாத ஸ்டவ்வில் திரி எங்கே என்று கேட்பார். நல்லதையும் தள்ளுபடி செய்வார். மற்றவர்களைத் திட்டுவதைப்போல அவரைத் திட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, “ரொம்ப நல்லாப் பார்க்கறீங்க மொதலாளி” என்று சொல்லி, அவர் தள்ளியவற்றை எடுத்து மறுபடி ஒருமுறை பற்றவைத்துப் பார்ப்பாள்.