பாதிச் சுவர்

எங்கள் வீட்டு முன்சுவரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. "ஏன் டீச்சர், சுவத்தப் பாதியிலயே விட்டுட்டீங்க?" என்று தெருவில் போகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். தபால்காரர் கேட்கிறார். மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறாள். வாசல் கதவுக்கு வலது பக்கம் புதுச் செங்கல், அதன் மேல் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. இடது பக்கம் பூச்சே இல்லாமல், உப்பு அரித்த பழைய செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. எனக்குக் காசு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தீர்ந்தது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

காரைக்காலில் டவுனுக்குள்ளேயே இருக்கும் வீடு. அப்பா கட்டியது. சாவதற்கு முன் அதை அண்ணன் பெயருக்கு எழுதி வைத்தார். அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போனவர். "பாப்பா இருக்குற வரைக்கும் இந்த வீட்டுல இருக்கட்டும்" என்று அப்பா கட்டிலில் படுத்தபடி சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். எழுதப்பட்டது வீடு, ஆட்டப்பட்டது தலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். பென்ஷன் கிடையாது. வெளியே வரும்போது கொடுத்த தொகையை, கடைசிக் காலத்துக்கு ஆகும் என்று பாங்கில் போட்டு வைத்திருந்தேன்.

அறுபதை நெருங்கிய என்னை அண்ணன் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டைக் கூப்பிடும் விதத்தில்தான் கோபம். வரி கட்ட வேண்டும், மோட்டார் மாற்ற வேண்டும் என்றால் அது "நீ இருக்குற வீடு". விற்றால் என்ன போகும் என்று பேச்சு வந்தால் "என் வீடு". ஆகஸ்டு மாதம் வந்து வாசலில் நின்று போட்டோ எடுக்கும்போது மட்டும் "நம்ம வீடு".

அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. விடுமுறைக்கு வந்ததும், முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயிலுக்கு உடுத்திய பட்டோடும் கோட்டோடும் வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து, அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். ஊரில் நமக்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. எங்கள் வீட்டில் அதற்கு இடம் கதவுக்கு இடது பக்கம், கூடத்துச் சுவருக்கு முன்னால். வலது பக்கம் என் அறை. ஜன்னலில் எப்போதும் ஏதாவது துணி காயும் என்பதால் அந்தப் பக்கம் போட்டோவுக்கு ஆகாது.

ஆகவே வருடம் தவறாமல் ஜூலையில் அண்ணனிடமிருந்து பெயிண்டுக்குக் காசு வரும். கலரையும் அங்கேயே பார்த்து முடிவு செய்துவிடுவார். ஒரு வருடம் சந்தனம், ஒரு வருடம் இளநீலம். சுவர் அடியில் பொரிந்து விழுகிறது என்று நான் சொன்னபோது, "சிமெண்டு வச்சுப் பூசச் சொல்லு, அதுக்கு மேல நல்ல எமல்ஷனா அடி" என்றார். பூசினோம், அடித்தோம். அடுத்த மழைக்கு மறுபடியும் பொரிந்தது. தெருவில் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டு, போட்டு, போட்டு உயர்த்திவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்க வேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் சுவரில்தான் வந்து முட்டும். கேட்டால், "நீங்க வீட்ட ஒசத்திக்குங்க" என்கிறார்கள். வீடு என்ன பாவாடையா, தூக்கிக் கட்டிக்கொள்வதற்கு?

பொரிந்த இடம் போட்டோவில் தெரியக் கூடாதே என்று நான் ஒரு காரியம் செய்தேன். சுவர் ஓரமாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் செடிகள் நன்றாக வளர்ந்தன. அண்ணிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பாப்பாவுக்குக் கை ராசி" என்றார்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலிலிருந்து வந்து, குருத்தோலையைச் சிலுவையாக முடைந்து, வழக்கம்போல என் கட்டிலுக்கு மேலே மாட்டப் போனேன். பழைய ஆணி தளர்ந்திருந்தது. புது ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை எடுக்கத் திரும்பியபோது விரல் பட்டு ஆணி உள்ளே போயிற்று. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தலை வரைக்கும் போய்விட்டது. ரொட்டியில் குத்தினால்கூடக் கொஞ்சம் தடுக்கும். தலையணை மேல் சிவப்பாகச் செங்கல் பொடி கொட்டிக் கிடந்தது. நான் தினமும் தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வீட்டைத் தாங்குகிற சுவர் மாவாக இருந்திருக்கிறது.

கோட்டுச்சேரியிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அதிகம் பேசாத மனுஷன். கரணைப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். இடுப்பு உயரம் வரைக்கும் எங்கே தட்டினாலும் பொத்துப் பொத்தென்று கேட்டது.

"சிமெண்டு பூசச் சொன்னது யாரு டீச்சர்?"

"அண்ணன்."

"இது சுண்ணாம்புல கட்டுன சுவரு. இதுக்கு மேல சிமெண்ட அப்பி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடிச்சா ஈரம் எங்க போவும்? வெளிய வர வழி இல்ல. உப்பையும் தூக்கிக்கிட்டு உள்ளயே போயி கல்லத் தின்னுடுது." பேசிக்கொண்டே குனிந்து பார்த்தார். "இந்தத் தொட்டியெல்லாம் யாரு வச்சது?"

"நான்தான்."

"தெனம் தண்ணி ஊத்துவீங்களா?"

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

"எந்தத் தண்ணி?"

"போர் தண்ணி."

எங்கள் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரியாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரணையைத் துடைத்துக்கொண்டார். அத்தனை வருடம் ரோட்டையும் அண்ணனையும் கடலையும் திட்டிக்கொண்டிருந்தவள், தினம் இரண்டு வேளை என் கையாலேயே சுவருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதுவும் யாருக்காக? யாரோ எடுக்கும் போட்டோவுக்காக. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

இடுப்பு உயரத்துக்குக் கெட்டுப்போன கல்லை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மேல்சுவருக்கு முட்டுக் கொடுத்து, புதுக் கல் வைத்து, உள்ளும் புறமும் சுண்ணாம்பில் பூச வேண்டும் என்றார். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பாதிக்கு மேல் கூலி. "அவசரப்பட்டா மேல் சுவரு எறங்கிடும் டீச்சர். அடுத்த அடமழைக்குள்ள செஞ்சிடணும், அதுக்கு மேல நிக்காது" என்றார். போகும்போது, "வருசா வருசம் பெயிண்டுக்கு அழுத காசுக்கு இந்தச் சுவத்தையே புதுசாக் கட்டியிருக்கலாம்" என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஒன்னு நாப்பதா? ஒன்ன நல்லா ஏமாத்துறான் பாப்பா. வெறும் செங்கல்லுதானே!"

"செங்கல்லு இல்லண்ணே, மாவு. ஆணி வெரலாலயே உள்ள போவுது."

"டைல்ஸ் ஒட்டிடு. கீழ நாலடிக்கு ஒட்டுனாப் போதும். போட்டோவுலயும் பளிச்சுனு இருக்கும்."

"டைல்ஸ் ஒட்டுனா உள்ள சுவரு செத்துடும்னு கொத்தனார் சொல்றாரு."

"நீ இருக்குற வீடுதானே பாப்பா, நீயும் கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?" என்றார். பிறகு, எப்போதும் போனை வைக்கும்போது சொல்வதையே சொன்னார். "ஒடம்பப் பாத்துக்க. சுவரு இருந்தாத்தான் சித்திரம்." போனை வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். இல்லாவிட்டால் எதையாவது போட்டு உடைத்திருப்பேன்.

மறுநாளே கொத்தனாரை வரச் சொல்லி, முன்சுவர் முழுவதும் பூச்சை உரிக்கச் சொன்னேன். எப்படியும் வெயிலில் காய வேண்டும் என்று அவரும் சொன்னார். தொட்டிகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. அந்த வருடம் பெயிண்டு கிடையாது, தொட்டி கிடையாது. அண்ணன் வந்து தன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தால் மனசு கேட்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்டில் அண்ணனும் அண்ணியும் வந்து காரை விட்டு இறங்கினார்கள். அண்ணன் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன பாப்பா இது? ஊரே பாக்குது. மானம் போவுது."

கட்டைவிரலால் ஒரு கல்லை அழுத்திப் பார்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. விரலை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். "என் ரூமுக்குள்ள வந்து பாருங்கண்ணே, இன்னும் மோசம்" என்றேன். "அப்புறம் பாக்குறேன்" என்றார். ஒன்பது நாள் இருந்தார்கள். அவர் என் அறைக்குள் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். இந்த முறை போட்டோ இருக்காது என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறக்கப் போனேன். அண்ணனும் அண்ணியும் என் பின்னால் வரவில்லை. தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். எதிர்வீடு வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. முகப்பு முழுவதும் கிரானைட், தங்க நிறப் பூ வைத்த பெரிய கேட்டு.

"பாப்பா, இங்க வா. நீ எடு. கேட்டு முழுசா வரட்டும்."

எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று இப்போது என்னை நானே கேட்கிறேன். அண்ணிக்குக் கண் மூடிவிட்டது என்று இரண்டாவது தடவையும் எடுத்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மா வெளியே வந்து, "அட, டீச்சரா! ஏன் வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க, டீ போடுறேன்" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே கைகூப்பினார்.

அன்று சாயங்காலம் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் அந்தப் போட்டோ வந்தது. நானும் அந்தக் குரூப்பில் இருக்கிறேன் என்பதை அண்ணன் மறந்துவிட்டாரோ, இல்லை, நினைவிருந்தும் பரவாயில்லை என்று விட்டுவிட்டாரோ தெரியாது. அங்கே இருக்கும் மாமா மகன், "வீட்டப் புதுசாக் கட்டிட்டீங்களா? சூப்பர்" என்று போட்டிருந்தான். அதற்குக் கீழே அண்ணன் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி போட்டிருந்தார்.

அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. இந்த மனுஷனுக்குச் சுவர் இடிந்தால் போட்டோ போகும், எனக்கு உயிர் போகும். இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் "அப்புறம் பாக்குறேன்" என்றார்.

அவர்கள் போன மறுநாள் பாங்குக்குப் போய் டெபாசிட்டை உடைத்தேன். கொத்தனாருக்குப் போன் போட்டு, கதவுக்கு வலது பக்கம் மட்டும், என் அறைச் சுவரை மட்டும் கட்டச் சொன்னேன்.

"பாதியா டீச்சர்? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அந்தப் பக்கத்து ஈரம் இந்தப் பக்கம் வருமா, அத மட்டும் சொல்லுங்க."

"நடுவுல கதவு இருக்குல்ல, வராது. அந்தப் பக்கம் விழாம முட்டு வேணா குடுத்துடுறேன்."

அவரும் ஒரு சித்தாளம்மாவும் பன்னிரண்டு நாள் வேலை பார்த்தார்கள். கலவைக்கும் நனைப்பதற்கும் லாரித் தண்ணீர்தான் வாங்கினேன். போர் தண்ணீரை ஒரு சொட்டு விடவில்லை. சாக்கை நனைத்துப் போர்த்தும் வேலையை நானே செய்தேன். சுவர் நன்றாக இறுகிய பிறகு கொத்தனாரே ஒரு நாள் வந்து கட்டிலுக்கு மேலே ஆணி அடித்துக் கொடுத்தார். முதல் ஆணி வளைந்துவிட்டது. "ஐயோ, வளஞ்சிடுச்சே" என்றார் அவர். எனக்கு அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

அடைமழை பெய்து ஓய்ந்தது. என் பக்கம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. இடது பக்கம் முட்டுக்கட்டையோடு நின்றது. கிறிஸ்துமசுக்கு வாழ்த்துச் சொல்ல அண்ணன் கூப்பிட்டபோது, வேலை முடிந்ததா, போட்டோ அனுப்பு என்றார். தெருவில் நின்று முழுச் சுவரையும் எடுத்து அனுப்பினேன். உடனே திரும்பக் கூப்பிட்டார்.

"பாதிதானே கட்டியிருக்க? எடது பக்கம் அப்படியே கெடக்கே?"

"நான் படுக்குற பக்கத்த நான் கட்டிக்கிட்டேண்ணே."

உன் அறை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று, இத்தனைக்குப் பிறகும், காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்ப அடுத்த வருசம் நாங்க எங்க நின்னு போட்டோ எடுக்குறது?" என்றார்.

"எதிர்வீட்டம்மா ரொம்ப நல்லவங்கண்ணே" என்றேன். "அடுத்த தடவயாவது அவங்களக் கேட்டுட்டு நில்லுங்க."