எடை ஏறினால் உருண்டை இல்லை

எண்பதுகளில் கடத்தூர்ப் பக்கம் ஊட்டச்சத்து மையம் ஒன்றில் வேலை பார்த்தேன். மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் தொங்கு தராசில் உட்காரவைத்து எடை பார்க்க வேண்டும். எடை ஏறாத பிள்ளைக்குத் தினமும் சத்துமாவு உருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இந்த விதியை எழுதியவர் பசித்த வீட்டை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

ஒருநாள் ஒரு பிள்ளைக்கு எடை ஏறியிருந்தது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறைச்சு எழுதிக்குங்கக்கா. உருண்டைய நிறுத்திட்டா மறுபடி எளைச்சுப் போயிரும்."

எழுதினேன். அடுத்தடுத்து மற்றவர்களும் கேட்டார்கள். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் எல்லோருக்கும் குறைத்தே எழுதினேன்.

சோதனைக்கு வந்த அதிகாரி நோட்டைப் புரட்டினார். "ஒரு பிள்ளையும் தேறலையே?" என்றவர், என் பருத்த உடம்பை மேலும் கீழும் பார்த்தார். "உருண்டையெல்லாம் எங்கம்மா போகுது?"

உண்மையைச் சொன்னால் உருண்டை நாளைக்கே நின்றுவிடும். தலையைக் குனிந்துகொண்டேன்.