முடிந்தால், தோதுப்பட்டால், அப்புறம்

அக்காவுக்கு நான் சொன்ன பதிலை இன்று எழுதிப் பார்த்தாலும் அதில் முக்கிய வாக்கியம் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம். காலேஜில் சேர்ந்த புதிது. இங்கிலீஷ் டீச்சர் ஒரு நீள வாக்கியத்தைப் போர்டில் எழுதித் துண்டு துண்டாகப் பிரித்தார். "தன் கால்ல நிக்கிறது முக்கிய வாக்கியம். மத்ததெல்லாம் துணை வாக்கியம், அது மேல சாஞ்சுக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார். எனக்கு ஒரே குஷி. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும்வரை பஸ்ஸில் காதில் விழுந்த பேச்சையெல்லாம் பிரித்துக்கொண்டே வந்தேன். மகா கெட்டிக்காரி என்று நினைப்பு!

அம்மா போன பிறகு அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டாள். வீட்டில் தளிகை, சமையல் முழுக்க அவள்தான். குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். பஸ்ஸில் இடிபட்டு வந்த நான் மடியில்லாத விழுப்பு. குளிக்காமல் உள்ளே போய் எதையும் தொடக்கூடாது.

அன்றும் அடுப்படிக்கு வெளியே நின்று துணை வாக்கியத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அக்கா குழம்பை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"தென்னூர்ல டைப் அடிக்கக் கத்துக்குடுக்கறாளாம். சாயங்காலம்தான். கத்துண்டா ஒரு வேலை கிடைக்கும்டீ. அப்பா சரின்னுட்டார். ராத்திரி தளிகையை நீ பாத்துப்பியா?"

"பரீட்சை முடிஞ்சா, தினம் இப்படி விழுப்பா வந்து நிக்கறதனால, அப்புறம் ரெண்டு பேருக்கும் தோதுப்பட்டா..." என்று இழுத்தேன்.

"பாத்துக்கறேன்னு சொல்லு, இல்லேன்னா மாட்டேன்னு சொல்லு. இது என்னடீ பதில்?"

மாட்டேன் என்றால் கெட்டவள் ஆகிவிடுவேனே! வீட்டுக்கு வந்ததும் குளித்தால் நானும் மடிதான். ஆனால் மடியானால் தேங்காய் துருவக் கூப்பிடுவாள். அதற்காகவே சாப்பாடு ஆகும்வரை குளிக்காமல் திரிந்துகொண்டிருந்தேன். அது அவளுக்குத் தெரியாது என்றும் நம்பியிருந்தேன்.

அக்கா தென்னூருக்குப் போகவே இல்லை. நான் டீச்சராகி, அதே பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தினேன். வெட்கமாக இருக்கிறது. யாராவது ஒரு உதவி கேட்டால் இன்றும் என் வாயில் முதலில் வருவது ஒரு 'முடிந்தால்'தான்.

அன்று அக்கா கோபப்படவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கிணத்துல தண்ணி இருக்குடீ" என்றாள்.

அன்றைக்கும் நான் குளிக்கவில்லை.