காலரா கொட்டகையின் சமையல்காரர்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு பேர் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவோம். பலகை கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. நான் ஒரு கதையின் சூழலைச் சொல்வேன். மற்ற மூவரும் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். ஆபத்தான இடம் வந்தால் பகடை உருட்டிப் பார்ப்போம். அந்த மூவர், கடைக்கார நண்பர், பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர், ஆலங்குடியிலிருந்து வரும் ஒரு நர்ஸ். நான் கீரனூர் பக்கம் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன்.

அந்த வருடம் நான் கொண்டுவந்தது ஒரு போர்க்காலப் பேய்க்கதை. இரண்டாம் உலகப் போரில் மலேயா தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய், சயாம், அதாவது இன்றைய தாய்லாந்துக் காட்டில் ஜப்பான் ராணுவம் ரயில் பாதை போட்டது. அங்கே ஒரு முகாம்தான் களம். ஆறு மாதம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதன்மேல் நம்மூர் மாந்திரீகத்தை ஏற்றினேன். புளியமரத்தில் முடியைச் சுற்றி ஆணி அடித்துப் பேயைக் கட்டும் வழக்கம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என் கதையில், முகாமில் செத்தவர்களின் முடியைச் சுற்றிய ஆணிகளை ரயில் பாலத்தின் தண்டவாளக் கட்டைகளில் அடிக்கிறார்கள். குண்டு விழுந்தாலும் பாலத்தை அந்த ஆவிகள் தாங்க வேண்டும். நிஜமும் கற்பனையும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் எனக்கு ஒரு பெருமை.

மூன்றாவது வாரம், நர்ஸின் பாத்திரம் காலரா கொட்டகைக்குள் போனது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கட்டுப்போடும் ஆளாக அவர் விளையாடிக்கொண்டிருந்தார். நான் விவரித்தேன். மூங்கில் படுக்கை, கணுக்கால் அளவு மழைத்தண்ணீர், உப்புக்கூட இல்லாத கஞ்சி. வாசலில் முகாமின் தமிழ்ச் சமையல்காரர். அன்றைக்குச் செத்தவர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. ஊர் மட்டும் தெரியும். ஆளுக்கு ஒரு பிடி சோற்றை இலையில் வைத்து ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். திருச்சி. நாமக்கல். ஆலங்குடி.

நர்ஸின் ஊர் என்பதால் ஆலங்குடியைச் சேர்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தார்.

"எங்க தாத்தா அங்கதான் போனாரு, சார்."



"எங்கப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசு, மலேயா தோட்டத்துல பொறந்தவரு. வீட்டுல தெவசம் கெடையாது. செத்த தேதி தெரியாதே. ஆடி அமாவாசைக்கு மட்டும் எலை போடுவோம்." என்னை நேராகப் பார்த்தார். "அவரையும் ஆணி அடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"சிஸ்டர், அது சும்மா கதைக்காக..."

"அப்ப எது கதை, எது நெசம்? பிரிச்சுச் சொல்லுங்க. இப்பவே."

கதை எழுதி வைத்திருந்த நோட்டைத் திறந்தேன். வரிவரியாகப் படித்து, நிஜத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். காலரா நிஜம். மழை நிஜம். மூன்றே மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனது நிஜம். ஆணி நான் கட்டியது. மந்திரவாதி நான் கட்டியது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். சமையல்காரர் வரி வந்ததும் என் பேனா நின்றது.

எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. நானே எழுதிய மாதிரியும் இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "யாராச்சும் அவங்களுக்குச் சோறு வெச்சாங்களா?"

மேசைக்கடியில் பேங்க் நண்பர் என் காலை அழுத்தினார். ஆமாம் என்று சொல்லிவிடு என்பது அதற்கு அர்த்தம். சொல்ல வாய் திறந்தேன். வகுப்பில் எத்தனையோ முறை தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிச் சமாளித்தவன்தான். அன்றைக்கு நாக்கு எழவில்லை.

"தெரியல, சிஸ்டர்."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான் படித்த அத்தனையையும் மறுபடி புரட்டினேன். சமையல்காரர் எங்கும் இல்லை. நான்காவது ஞாயிறு காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு ஆலங்குடிக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த நர்ஸ் வழிவிட்டார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அப்பா. எண்பதைத் தாண்டியவர்.

"சோறு வெச்சாகன்னு சொன்னது நீங்கதானா தம்பி?"

"ஆமாங்கய்யா. தேடிப் பாத்தேன். எதுலயும் இல்ல. நானே கட்டுனதாத்தான் இருக்கும். மன்னிச்சிருங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"நெசமுன்னு கோடு போட்டீகளாமே, அத வாசிங்க."

வாசித்தேன். மூன்று மாதம் என்ற இடத்தில் கையை உயர்த்தினார். "எங்காத்தாவும் அதான் சொல்லும். மாத்து வேட்டி ஒண்ணு போதும்னு போனாராம்." பிறகு, "அந்த நோய் எந்த மாசம் வந்துச்சு?"

"மழைக்காலத்துல. ஆனி, ஆடியிலதான் ரொம்பப் பேரு போனாங்க. ஆனா அய்யா, உங்கப்பா அதுலதான் போனாருன்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும்." மகளைப் பார்த்தார். "ஆடியில எலை போட்டது தப்பில்லத்தா."

நர்ஸ் முகத்தைத் துடைத்தபடி அடுப்படிக்குப் போனார். காபி கொண்டுவந்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன் சார். ஆனா அந்தக் கதை வேணாம்."

சொன்னபடி வந்தார். இப்போது மலையில் வழிதவறிய நான்கு பேரின் கதை ஒன்று நடக்கிறது. அந்த நோட்டு அவருடைய அப்பாவிடம் இருக்கிறது. அன்றைக்குப் பெரியவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.