ஒரு வருஷ லாபத்தை நம்பாதவள்

செப்புச் சுரங்கத்தின் வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிற மேடை இருக்கிறது. மேடையை ஒட்டி ஓர் அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, நான்காவது பக்கம் சுவர், சுவரில் ஒரு மின்விசிறி. சுற்றினாலும் தூசியைத்தான் அள்ளி வீசும். அந்த அறையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிற அம்மாளை எல்லோரும் ‘எடைமேடை’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லும்போது மட்டும் ‘அக்கா’ ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. கோபப்பட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

அவளுடைய பிடிவாதத்துக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். தாது ஏற்றிய லாரியின் மொத்த எடையில் காலி லாரியின் எடையைக் கழித்தால் சரக்கின் எடை வரும். பச்சைப் பிள்ளைகூடச் செய்கிற கணக்கு. ஆனால் காலி லாரியின் எடை என்ன? மழை நாளில் சக்கரத்திலும் அடியிலும் சேறு அப்பியிருக்கும், வெயில் நாளில் காய்ந்து உதிர்ந்திருக்கும். டேங்கில் டீசல் ஒரு நாள் நிரம்பியிருக்கும், ஒரு நாள் வற்றியிருக்கும். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை காலி லாரியை ஏற்றி, வந்த எடையைப் பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் ஒவ்வொரு லாரியையும் பன்னிரண்டு தடவை, வெவ்வேறு பருவத்தில் எடை போட்டுச் சராசரி எடுத்தாள். ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள், ஒப்பந்தக்காரர் மேலதிகாரியிடம் போய் மூக்கைச் சிந்தினார். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ஒரு நாள் எடை அந்த ஒரு நாளுக்குத்தான் எடை” என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைக் கையசைத்துக் கூப்பிடுவாள்.

அவளுடைய கணவர் அதே சுரங்கத்தில் துளை போடுகிற இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் பங்குச் சந்தை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார். காரணம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் செம்பு விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. கம்பெனிக்குக் கொள்ளை லாபம். பங்கின் விலை ஒரு வருஷ லாபத்தைப் போல வெறும் ஐந்து மடங்குதான், இதைவிட மலிவாக எந்தக் காலத்திலும் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வீடு கட்ட வைத்திருந்த பணத்தை எல்லாம் போட்டார். இரண்டே வருஷத்தில் செம்பு விலை விழுந்தது, லாபம் ஆவியானது, பங்கு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அவர் கையைச் சுட்டுக்கொண்டு வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டார்.

மற்ற மனைவிகள் இதைச் சொல்லிச் சொல்லியே மனிதரைக் கொன்றிருப்பார்கள். இவள் சண்டை போட்டது என்னவோ உண்மை, ஒரு வாரம். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து மடங்கு என்பது மலிவுதானே, அப்புறம் எப்படி ஏமாந்தோம்? தொழிற்சங்க நூலகத்தில் யாரும் தொடாமல் கிடந்த கம்பெனியின் ஆண்டறிக்கைகளை எடுத்து வந்து புரட்டினாள். விடை அவள் கண்ணெதிரே தினமும் மேடையேறிய விடைதான். கொழுத்த வருஷத்து லாபத்தை வைத்து அளந்தால் பங்கு மலிவாகத் தெரியும். மெலிந்த வருஷத்து லாபத்தை வைத்து அளந்தால் அதே பங்கு கொள்ளை விலையாகத் தெரியும். சுரங்கக் கம்பெனிக்குக் கொழுப்பதும் மெலிவதும்தான் பிழைப்பு. எனவே பத்துப் பன்னிரண்டு வருஷ லாபத்தையும், நஷ்டம் வந்த வருஷங்களையும் விடாமல், கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். அதிலும் அன்றைய நூறும் இன்றைய நூறும் ஒன்றல்ல. விலைவாசி ஏறிய அளவுக்குப் பழைய லாபத்தை உயர்த்தி, இன்றைய பணமாக்கிக்கொண்டுதான் கூட்ட வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. சந்தோஷப்பட்டாளா என்றால் இல்லை, கொஞ்சம் எரிச்சல்தான் பட்டாள்.

இத்தனையும் அவள் தலைக்குள்ளேயே இருந்திருக்கும், போன வருஷம் அந்த அறிவிப்பு வராமல் இருந்தால். ஒரு காலத்தில் போனஸ் கொடுக்க வழியில்லாமல் கம்பெனி தொழிலாளர்களுக்குப் பங்குகளைக் கொடுத்திருந்தது. அவற்றைச் சங்கத்துக்குள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். வெளியாருக்கு விற்பதென்றால் எல்லாவற்றையும் மொத்தமாகத்தான் விற்க முடியும், அதற்கும் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பேர் கை தூக்க வேண்டும். இப்போது கம்பெனியின் பெரிய முதலாளியே அந்த மொத்தத்தையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பங்குக்கு அறுபது ரூபாய். சந்தையில் அன்றைக்கு ஐம்பத்திரண்டுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நிதி அதிகாரி உணவுக்கூடத்தில் கூட்டம் போட்டு விளக்கினார். கோட்டு, மெல்லிய குரல், வாய் நிறையச் சிரிப்பு. போன வருஷம் பங்குக்கு லாபம் நான்குதான், அறுபது என்றால் பதினைந்து மடங்கு, இப்படி ஒரு விலையை எந்த மடையன் கொடுப்பான் என்று அவரே தன் முதலாளியைக் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். பலருக்குப் பணம் தேவையாகவும் இருந்தது. எடைமேடைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஐந்து மடங்கு என்று காட்டி வாங்கச் சொன்னார்கள், இன்று பதினைந்து மடங்கு என்று காட்டி விற்கச் சொல்கிறார்கள், இரண்டு தடவையும் ஒரே ஒரு வருஷத்தைக் காட்டி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து நின்று தன் தாளைப் படித்தாள். பன்னிரண்டு வருஷம், இன்றைய பணத்தில், பங்குக்குச் சராசரி லாபம் பதினேழு. அறுபது கொடுப்பது நான்கு மடங்குகூட இல்லை, நம் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்றாள். கூடத்தில் சலசலப்பு. அதிகாரி அவள் தாளை மரியாதையாகக் கேட்டு வாங்கினார், இரண்டு நிமிஷம் பார்த்தார், மைக்கைப் பிடித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசமாகக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றோடு பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது. அதற்கு முந்தைய ஆறு வருஷ லாபத்தையும் பாதியாக்கித்தானே சேர்க்க வேண்டும்?

அவர் சொன்னது சரிதான். இணைப்பு வண்டியோடு போன லாரியையும் இணைப்பு வண்டி இல்லாத லாரியையும் ஒரே பட்டியலில் போட்டுக் கூட்டியதற்குச் சமமான தப்பு. அவள் அறையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வேலையை விட்டு அனுப்பச் சொல்லியிருப்பாள். பின்வரிசையில் யாரோ, “அக்கா, பேசாம லாரியே எடை போடுங்க” என்றான். கூடமே குலுங்கியது. வாக்கெடுப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

வீட்டில் கணவர் சந்தர்ப்பத்தை விடவில்லை. இதோடு நிறுத்திக்கொள், ஊர் சிரித்தது போதும் என்றார். அவள் சாப்பாட்டு மேசையில் ஆண்டறிக்கைகளை மறுபடியும் பரப்பினாள். அவமானத்தில் கண் கலங்கியது, அதைத் துடைத்துக்கொண்டே பழைய ஆறு வருஷத்தையும் பாதியாக்கினாள். சராசரி பதினேழிலிருந்து பதினொன்றாக இறங்கியது. அதோடு விட்டாளா? இன்னும் எங்கே அடிப்பார்கள் என்று தானே தேடினாள். மேல்மட்டத் தாது தீர்ந்துபோய், இப்போது தோண்டுகிற தாதுவில் செம்பு குறைவு. அதற்காக இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாள். ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. சுரங்கத்தில் இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தாது இருக்கிறது என்று பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் என்று கம்பெனியே அச்சடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து முகம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அவள் மைக்கைக் கேட்டாள். தரமாட்டோம் என்பதற்குச் சங்க விதியில் இடமில்லை. எடுத்த எடுப்பில், போன வாரம் தான் சொன்ன கணக்கு தப்பு என்றாள். தப்பு எங்கே, எவ்வளவு, திருத்தினால் எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தாதுவுக்காகக் கழித்ததையும் சொன்னாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“என் தப்பை நீங்க கண்டுபிடிச்சீங்க, நான் திருத்திட்டேன். எவ்வளவு அடிச்சுக் கழிச்சாலும் ஒன்பதுக்குப் பக்கத்துல நிக்குது. நீங்க குடுக்கிற அறுபது அதுல ஏழு மடங்குகூட இல்ல. உங்க நாலு எத்தனை வருஷத்துச் சராசரி, சார்?”

அதிகாரி சிரித்தார். எதிர்காலம் பழைய காலம் மாதிரி இருக்காது அம்மா என்றார். அப்படியானால் போன வருஷம் மாதிரி மட்டும் எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள். அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வாக்கெடுப்பைத் தொடங்கலாம் என்றார்.

கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். விற்பதற்கு நூற்று நாற்பத்திரண்டு கைகள் வேண்டும். இரண்டு தடவை எண்ணினார்கள். நூற்று முப்பத்தெட்டு. நான்கு கைகள் குறைந்து விற்பனை நின்றுபோனது. கை தூக்காதவர்களில், தன் போனஸ் பங்குகளுக்காக வந்திருந்த கணவரும் ஒருவர்.

இந்த இடத்தில் பங்கு விலை ஏறியது என்று சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது விழுந்தது. செம்பு விலை இன்னும் சரிந்து, எட்டு மாதத்தில் பங்கு முப்பத்தெட்டுக்கு வந்தது. பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே போனது. அறையின் கண்ணாடியில் தூசிமேல் யாரோ ‘60’ என்று விரலால் எழுதிவிட்டுப் போனார்கள். அவள் அதைத் துடைக்காமல் விட்டாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. ஆனால் விலை இறங்கியதற்காகக் கணக்கை மாற்றுகிற பேச்சே இல்லை. புது வருஷ அறிக்கை வந்ததும் அந்த ஒல்லி வருஷத்தையும் சேர்த்துச் சராசரி போட்டாள். சராசரியில் அரை ரூபாய் குறைந்தது, அவ்வளவுதான்.

அப்படியிருக்க, ஒரு விடுமுறை நாளில், சுரங்கத்துச் சாலைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற டேங்கர் வண்டியின் ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். வலது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவந்தார். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தவர். அன்றைக்குக் கை தூக்காதவர்களில் அவரும் உண்டு, அதுவும் இவள் பேச்சை நம்பி. நாற்காலியில் உட்கார்ந்து, நாலாயிரம் பங்குகளின் பத்திரங்களை மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள், சங்கத்துக்குள் கேட்டுப் பார்த்தால் முப்பத்தைந்துக்குமேல் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை என்றார்.

“அறுபதுக்கு மேல பெறும்னு நீங்கதானே சொன்னீங்க அக்கா. அப்போ அறுபதுக்கு நீங்களே வாங்கிக்குங்க.”

கணவர் நிமிர்ந்து பார்த்தார். நாலாயிரம் பங்கு, அறுபது வீதம் என்றால் இருவரும் ஓய்வுக்காலத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்ததில் பாதி. அதே பங்கு வெளியே முப்பத்தெட்டுக்குக் கொட்டிக் கிடக்கிறது. அவள் உள்ளே போய்க் காசோலைப் புத்தகத்தை எடுத்துவந்து, கணவர் முன்னால் வைத்தாள். கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது.

“முப்பத்தெட்டுக்குக் கிடைக்கிறதை அறுபது குடுத்தா வாங்கப்போறே?” என்றார் அவர்.

“இவர் கையைக் கீழ வெக்கச் சொன்னது நான்தானே. விலையையும் நான்தான் குடுக்கணும்.”

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநருக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது. தான் ஏதோ கோபத்தில் சொன்னதாக இழுத்தார்.

“நான் கோவத்துல கணக்குப் போடல தம்பி. பத்திரத்தைக் குடுங்க.”

அவர் பத்திரங்களை நீட்டினார். அவள் பிடித்த பிறகும் விடாமல் பிடித்திருந்தார்.

“ஒருவேளை ஏறிச்சுன்னா, இதே அறுபதுக்கு எனக்குத் திருப்பித் தருவீங்களா அக்கா?”

“ஒரு பங்குகூடத் தர மாட்டேன்” என்றாள் அவள்.

ஓட்டுநர் அவள் முகத்தையே பார்த்தார். பன்னிரண்டு வருஷச் சராசரி, விலைவாசி, தாதுவுக்காகக் கழித்தது என்று அன்றைக்குக் கூடத்தில் கேட்ட எதுவும் அவருக்கு முழுசாகப் புரிந்ததில்லை. இது புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேண்டும் என்று விரல்விட்டு எண்ணினார், இரண்டாயிரத்து ஐந்நூறு பங்குக்கான பத்திரங்களை மட்டும் பிரித்து மேசையில் வைத்தார். மீதியை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, காசோலையில் அதற்குரிய தொகையை மட்டும் எழுதச் சொன்னார்.