விசில் ஊத முடியாத நாட்கள்

மகள் பிறந்து ஒரு வருட விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று, காலை வழிபாட்டுக்காக விசிலை வாயில் வைத்து வழக்கம்போல் ஓங்கி ஊதினேன். பிள்ளைகள் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. உள்ளாடை நனைந்திருந்தது.

குடவாசல் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். கல்லூரி நாட்களில் உயரம் தாண்டுதலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். என் உடம்பு என் பேச்சைக் கேட்கும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பிரசவம் சுகப்பிரசவம்தான். ஆனால் குழந்தை எடை கூடுதல், தையலும் நிறைய. அதன் பிறகு தும்மினால், இருமினால், பலமாகச் சிரித்தால் கொஞ்சம் சிறுநீர் கசிந்தது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று மாமியார் சொன்னார். நானும் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் மறைக்க முடிந்தது. மைதானத்தில் முடியவில்லை. விசிலுக்குப் பதிலாகக் கைதட்டத் தொடங்கினேன். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். அதனால் நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் துடித்ததுதான் மிச்சம். பெண் பிள்ளைகள் தாண்டிக் காட்டச் சொன்னபோது கால் சுளுக்கு என்று பொய் சொல்லி, கணுக்காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டேன். ஒன்றரை மாதம் அந்தச் சுளுக்கு குணமாகவேயில்லை.

ஒருநாள் மதியம் விலங்கியல் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

“நேத்து இடது கால்ல கட்டியிருந்தீங்க. இன்னைக்கு வலது கால்ல இருக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு தனக்கும் இதே தொல்லை இருந்தது என்றும், தஞ்சாவூரில் இதற்கென்றே பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றும் சொன்னார். அந்த வாரச் சனிக்கிழமையே குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, கும்பகோணத்தில் பஸ் மாறித் தஞ்சாவூர் போனேன்.

டாக்டர் நாகப்பட்டினத்துப் பெண். தலையில் முக்காடு, கையில் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு. என்னைவிட இளையவர். முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தூளி கட்டியது மாதிரி ஒரு தசை இருக்கிறது, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அதுதான் தாங்குகிறது, பிரசவத்தில் அது நன்றாக இழுபட்டுத் தளர்ந்துவிடும் என்று அந்த எலும்பை வைத்தே காட்டினார். நான் ஏற்கெனவே ஃபோனில் வீடியோ பார்த்து, தினம் நூறு தடவை இறுக்கிப் பயிற்சி செய்துவருவதாகச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். செய்து பார்த்தும் ஏன் குறையவில்லை என்று புரியவில்லை என்றேன்.

கையுறை போட்டுச் சோதிக்கலாமா என்று கேட்டு, நான் சம்மதித்த பிறகே சோதித்தார். இறுக்கச் சொன்னார். நான் முழு பலத்தையும் காட்டினேன்.

“தொடை இறுகுது, வயிறு இறுகுது, மூச்சையும் பிடிச்சிருக்கீங்க. ஆனா கீழ என்ன பண்றீங்க தெரியுமா? முக்குறீங்க. மேல தூக்கணுங்க, நீங்க தள்ளிக்கிட்டு இருக்கீங்க.”

பத்து வருடமாகப் பிள்ளைகளின் முழங்காலையும் தோளையும் திருத்திக்கொண்டிருந்தவள் நான். என் தசை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. காற்றுப் பிரியாமல் அடக்குவது மாதிரி பின்னாலிருந்து தொடங்கி, மூச்சை விட்டுக்கொண்டே முன்பக்கம்வரை உள்ளே தூக்கச் சொன்னார். ஏழெட்டு முறை தவறிய பிறகு, “இதுதான்” என்றார். பிடித்து நிறுத்தச் சொன்னார். இரண்டு எண்ணுவதற்குள் நழுவிவிட்டது.

அந்த இரண்டுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. சரியாகிவிடும் என்று சும்மா காத்திருப்பது எனக்கு வராது. இரண்டை மூன்றாக்கு, மூன்றை ஐந்தாக்கு என்றால் அது என் தொழில். ஒருமுறை தூக்கினால் அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்தவும் வேண்டும், பத்துப் பத்தாக ஒரு நாளைக்கு மூன்று வேளை, பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

காலையில் படுத்தபடி ஒரு வேளை, பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒரு வேளை, சாயங்காலம் அடுப்படியில் நின்றபடி ஒரு வேளை. பஸ்ஸுக்கு வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் உர விலையைப் பற்றிப் பேசுவார். நான் முகம் மாறாமல் தலையாட்டிக்கொண்டே ஐந்து எண்ணுவேன். வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு டிக் அடித்தேன்.

ஆறாவது வாரம் அடைமழையோடு இருமல் வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நோட்டை மூடி அலமாரியில் போட்டுவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் டாக்டருக்கு ஃபோன் செய்தேன். இருமல் வருவது முன்கூட்டியே தெரியும்தானே, அதற்கு ஒரு நொடி முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமுங்கள் என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது. நோட்டை மறுபடி எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அறையில் சாக்பீஸ் தூளுக்கு அடுத்தடுத்து மூன்று தும்மல். ஒரு சொட்டும் இல்லை. விலங்கியல் டீச்சர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மறுபடி பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

பொங்கல் கழிந்து டாக்டர் குதிக்க அனுமதித்தார். முதலில் ஸ்கிப்பிங் கயிற்றில் பத்து, பிறகு இருபது. மாசி மாதம் மண்டல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது, கம்பியைத் தாழ்வாக வைத்து நானே ஓடி வந்து தாண்டிக் காட்டினேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு விசிலை ஊதி அடுத்தவளைக் கூப்பிட்டேன். இன்றும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது வயிறு குலுங்கச் சிரித்தால் எப்போதாவது ஒரு துளி கசிவதுண்டு. அதற்காக நான் இப்போது ஒளிவதில்லை.

மாமியார் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“அம்பத்தேழு வயசுக்கு மேல செஞ்சா எனக்குக் கேக்குமா?”

பூதலூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அவர் போய் ஆறேழு வருடம் ஆகிறது. பஸ் ஏறினால் வாந்தி வருகிறது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். காரணம் வாந்தி இல்லை என்று அன்றுதான் எனக்குச் சொன்னார். நடுவழியில் இறங்க முடியாதே என்ற பயம். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று அவர் அன்று சொன்னது என்னை வாயடைக்க அல்ல, தனக்கு அப்படித்தான் இருந்தது என்பதால் என்று எனக்கு அப்போது விளங்கியது.

நானாகச் சொல்லிக்கொடுக்காமல் அவரையும் தஞ்சாவூர் கூட்டிப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, இரண்டு டீக்கடைகளில் டீ குடித்துவிட்டுப் போனோம். அவருக்கு என்னைவிடக் கூடுதல் நாள் பிடித்தது. ஆவணியில் ஒரு துணிப்பையோடு தனியாகக் கிளம்பிப் பூதலூர் போனார். மறுநாள் திரும்புவதாகச் சொல்லியிருந்தவர், சாயங்காலம் ஃபோன் செய்து, அக்காவோடு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன், குழந்தையைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார்.